வலிக்காத கிட்டார்

கொள்முதல் விதிகளில் ஒன்று இப்படிச் சொல்லும்: வந்து சேர்ந்த பொருளைக் கிடங்கில் ஏற்கும் முன், அது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் நேரில் பார்த்து, தான் கேட்டது இதுதான் என்று ஒப்புதல் தர வேண்டும். அவர் பார்க்காத பொருளை ஏற்றால், விளைவுக்கு ஏற்றவரே பொறுப்பு. என் வேலைக் காலம் முழுவதும் இந்த விதியைக் காட்டி எத்தனையோ லாரிகளை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு முன்னால் என் அப்பாவும் ஒரு மத்திய அரசு நிறுவனத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் அதே வேலையைத்தான் பார்த்தார். நான் அறிந்தவரை அவர் இந்த விதியை மறந்தது ஒரே ஒரு முறை. அது அலுவலகத்தில் நடக்கவில்லை, கல்கத்தாவில், பவானிபூரில் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது. பொருள்: கிட்டார், ஒன்று.

இதை இப்போது எழுத உங்களில் ஒருவர்தான் காரணம். காலையில் நம்மோடு ஏரியைச் சுற்றி நடக்கும் வங்கி மேலாளர், லேக் கார்டன்ஸ்காரர், போன வாரம் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு யோசனை கேட்டார். பேத்தி கிட்டார் கேட்கிறாளாம். முதல் கிட்டார், எதை வாங்கலாம்? நாம் எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், அதனால் எல்லோரிடமும் பதில் இருந்தது. சின்ன அளவு போதும் என்றார் ஒருவர். நைலான் கம்பி என்றார் இன்னொருவர். ஆன்லைனில் வாங்கினால் திருப்பித் தரலாம் என்றார் மூன்றாமவர். மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எதுவா இருந்தாலும் சரி, கை வலிக்காததா பாத்து வாங்கணும். குழந்தை பாவம்” என்றார்.

நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் சொல்லாமல் போனேன் என்று மறுநாள் கேட்டீர்கள். சொல்கிறேன்.

அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது, எனக்கு எட்டு. அந்த வருஷம் வெயில் தொடங்கும்போது, நின்றுகொண்டிருந்த டிராமிலிருந்து இறங்கிய அக்கா விழுந்தாள். ஓடும் டிராமில் ஏறி இறங்கியே வளர்ந்தவள், நின்ற டிராமில் தவறிவிட்டாள். இடது முன்கையில் இரண்டு எலும்பும் உடைந்தன. முழங்கைக்கு மேலிருந்து விரல் கணு வரை மாவுக்கட்டு. பங்குனி வெயிலில் உள்ளே வியர்த்து, அரித்து, ஸ்வெட்டர் பின்னும் ஊசியை விட்டுச் சொறிந்துகொள்வாள். பக்கத்தில் படுத்தால் நனைந்த சுண்ணாம்பும் பழைய துணியும் சேர்ந்த வாடை வரும். எனக்கு அந்த வாடை பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டைப் பிரித்தபோது உள்ளே வேறு யாருடைய கையோ இருந்தது. மெலிந்து, வெளுத்து, தோல் உரிந்து. கட்டைவிரல் மட்டும் அசைந்தது. மற்ற நான்கும் சீப்புப் பல் மாதிரி நேராக நின்றன. மடக்கச் சொன்னால் அக்காவின் முகம்தான் மடங்கியது.

அப்பாவின் அலுவலக மருத்துவமனையில் அப்போது இருந்த சர்ஜன் கோவாக்காரர். ஒவ்வொரு விரலாகப் பிடித்து வளைத்துப் பார்த்தார். அக்கா போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் அசரவில்லை. தினமும் ஒவ்வொரு விரலும் தனித்தனியாக மடங்கி எதையாவது அழுத்த வேண்டும், குளிர்காலம் வருவதற்குள் மடங்கவில்லை என்றால் பிறகு மடங்காது என்று அப்பாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார். ரப்பர் பந்து கொடுத்தால் இரண்டு நாளில் தூக்கிப் போட்டுவிடுவாள், பிடித்தமான ஏதாவது கொடுக்க வேண்டும் என்று யோசித்துவிட்டு அக்காவிடம் கேட்டார், “உனக்கு என்ன பிடிக்கும்?”

“பாட்டு” என்றாள் அக்கா.

அவர் முகம் மலர்ந்தது. மருந்துச் சீட்டில் எழுதினார்: கிட்டார், தினமும் ஒரு மணி நேரம். அவரும் மாலையில் வாசிப்பவர் என்று நர்ஸ்கள் சொல்வார்கள். அவர் ஊரில் கிட்டார் என்றால் ஒன்றே ஒன்றுதான், இடது கை விரல்கள் கம்பியை அழுத்தி வாசிப்பது. அதனால் எந்த கிட்டார் என்று அவர் எழுதவில்லை. வெயில் முடிவதற்குள் மாற்றலாகி வடக்கே எங்கோ மலையடிவாரத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் காலத்துக் கல்கத்தாவில் கிட்டார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வேறு ஒன்று. உங்களில் பாலிகஞ்சில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஹவாயன் கிட்டார். மடியில் படுக்க வைத்து, கம்பி மேல் ஒரு எஃகுக் கட்டையை நகர்த்தி வாசிப்பது. தெருவுக்கு நான்கு வீட்டில் நான்கு பெண்கள் மாலை விளக்கு வைத்ததும் அதை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். ஜன்னல் வழியே அந்த இழுவைச் சத்தம் மீன் பொரியும் வாசனையோடு சேர்ந்து வரும்.

லால்பஜாரில் வாத்தியக் கடைகள் வரிசையாக இருக்கும். நாங்கள் நான்கு பேரும் போனோம். கடைக்காரர் வழுக்கை, வெற்றிலை வாய். அப்பா மருந்துச் சீட்டை நீட்டினார். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்துவிட்டுச் சிரித்தார்.

“அரே, மருந்துச் சீட்டுல கிட்டாரா! இனிமே ஹார்மோனியத்தைச் சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயான்னு கேப்பாங்க” என்றார் வங்காளியில். பிறகு, “ஹவாயனா, ஸ்பானிஷா?”

அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் கிடையாது. “ரெண்டையும் காட்டுங்க” என்றார்.

முதலில் ஸ்பானிஷை அக்காவிடம் கொடுத்தார்கள். கடைக்காரர் அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கம்பி மேல் அழுத்தினார். “அம்மா!” என்று அக்கா அலறினாள். தபலாவுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அம்மா பாய்ந்து அக்காவின் கையைப் பிடுங்கித் தன் மார்போடு வைத்துக்கொண்டாள்.

“வேண்டாம் மாஷிமா, வேண்டாம்” என்றார் கடைக்காரர். “இது பார்க் ஸ்ட்ரீட் ஹோட்டல்ல நின்னுக்கிட்டு வாசிக்கிறவங்களுக்கு. நல்ல வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் ஹவாயன்தான். பாருங்க.” மற்றதை எடுத்து அக்காவின் மடியில் கிடத்தினார். எஃகுக் கட்டையை அவளுடைய நேரான விரல்களுக்கு அடியில் வைத்து மெல்ல நகர்த்தி, வலது கையால் கம்பியைத் தட்டினார். சத்தம் வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று. அக்கா அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

“ஏ, இது நம்ம கோட்டுவாத்தியம்லா!” என்றார் அப்பா.

எங்கள் அப்பா அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். கட்டையை ஓட்டி வாசிக்கும் வாத்தியத்தை அப்பா ஊரில் கச்சேரியில் பார்த்திருக்கிறார். வங்காளத்துக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவருக்குப் பரிச்சயமான ஒரு பொருளை முதல்முறையாகக் கண்டுவிட்ட மகிழ்ச்சி.

“மடியில வச்சி வாசிக்கதுதானே பொம்பளப் பிள்ளைக்கு லட்சணம்” என்றாள் அம்மா. “வீணை கணக்கா இருக்கு. வலிக்கவும் இல்ல பாருங்க.”

“வலிக்குதாம்மா?” அப்பா அக்காவைக் கேட்டார்.

“இல்லப்பா.”

ஆனாலும் அப்பா உடனே வாங்கவில்லை. மூன்று இடத்தில் விசாரிக்காமல் அவர் குண்டூசி வாங்கமாட்டார். இன்னும் இரண்டு கடை ஏறினோம். அங்கேயும் அதையே சொன்னார்கள். மூன்று இடத்திலும் ஒரே பதில் வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்றும் விதி உண்டு. பிள்ளை வலிக்கவில்லை என்று சிரிக்கும்போது அதை யார் நினைப்பார்கள்?

சொல்லிக்கொடுக்க ஒரு மாஸ்டர்மஷாய் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். கஞ்சி போட்ட வேட்டி, உள்ளங்கையில் புகையிலை வாசனை. அம்மா கொடுக்கும் உளுந்த வடையை மீன் வறுவலைத் தின்பது மாதிரி மெல்லப் பிய்த்து, உள்ளே முள் இருக்குமோ என்று பார்த்துப் பார்த்துத் தின்பார். அக்காவின் கையைப் பார்த்ததும் வியந்துபோனார்.

“என்ன கை இது! ஆடவே ஆடாது. கட்டையைப் பிடிச்சா பாறை மாதிரி நிக்குது. எங்கிட்ட வருஷக்கணக்கா படிக்கிற பொண்ணுங்களுக்கே விரல் வளைஞ்சு வளைஞ்சு சுருதி போயிடும். இவளுக்கு விரல் வளையறதே இல்லை!”

அப்பா இதை அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னார். விரல் வளையவில்லை என்று பாராட்டியதை, விரல் வளைவதற்காக வாத்தியம் வாங்கியவர், பெருமையாக. உலகத்தில் இதைவிடப் பெரிய தணிக்கைக் குறிப்பை நான் எழுதியதில்லை.

மழை வந்தது. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி ஈரத்துணி தொங்கும். சுவரில் பூஞ்சை, புத்தகங்களில் வெள்ளி மீன் பூச்சி. கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்க அம்மா தேங்காயெண்ணெய்த் துணியால் துடைப்பாள். வலது கை விரல்களில் மாட்டிக்கொள்ளும் நகங்கள், தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் மூன்று துண்டுகள், என் பொறுப்பு. தீப்பெட்டியில் போட்டு வைத்திருப்பேன். அக்கா ஒரு நாள் தவறாமல் வாசித்தாள். மின்சாரம் போனால் இருட்டிலும் வாசிப்பாள். நன்றாகவே வாசித்தாள், அதுதான் கொடுமை. ஈரத்துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் அந்தச் சத்தத்தை இழுக்கும்போது, மழை கொஞ்சம் ஒதுங்கி வழி விடுவது மாதிரி இருக்கும்.

மாதம் ஒரு தடவை மருத்துவமனைக்குப் போவோம். புதிதாக வந்திருந்த டாக்டர் சீட்டைப் பார்ப்பார். “கிட்டார் வாசிக்கிறாளா?”

“டெய்லி, சார்.”

“வெரி குட். கன்டின்யூ.”

கையைப் பார்க்கமாட்டார். சீட்டில் எழுதியது நடக்கிறது, எனவே எல்லாம் சரி.

முதலில் சந்தேகப்பட்டது அம்மாதான். தலை பின்னிக்கொள்ளும்போது அக்காவின் இடது கையில் பின்னலின் கால் தங்காது, நழுவிவிடும். ஒரு நாள் அம்மா பின்னால் நின்று வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இவ வெரலு மடங்கவே இல்லியே.”

“கோர்ஸ் இன்னும் முடியலைலா” என்றார் அப்பா. “பாதியில பாத்தா அப்படித்தான் தெரியும்.”

“நாளுக்கு நாள் வெறச்சுல்லா போவுது.”

“டாக்டர் கன்டின்யூன்னு சொல்லியாச்சு. ஒனக்கு என்ன தெரியும்?”

துர்கா பூஜைக்கு எங்கள் தெருப் பந்தலில் கலை நிகழ்ச்சி. அக்காவும் வாசித்தாள். நீலப் பாவாடை தாவணி, தலையில் அம்மா எங்கிருந்தோ தேடிப் பிடித்த கனகாம்பரம். நல்ல கைதட்டல். கீழே இறங்கியதும் மூன்றாம் மாடி தாதா வந்தார்; தாதா என்றால் வங்காளியில் அண்ணன். எங்கள் கட்டடத்தில் இருந்த கல்லூரி மாணவர், தாடி, எப்போதும் தோளில் ஒரு ஸ்பானிஷ் கிட்டார். அவர் அக்காவைக் கேலி செய்யாத நாள் இல்லை.

“பிரமாதம்டி! விரல் நுனியைக் காட்டு, எவ்வளவு காப்புக் காய்ச்சிருக்குன்னு பாக்கலாம்” என்று தன் இடது கையை நீட்டினார். நுனிகளில் கறுத்துத் தடித்த தோல். அக்கா தன் கையை நீட்டினாள். தாதா அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது என்ன, ரசகுல்லா மாதிரி இருக்கு! நீ வாசிச்சியா, இல்லை உள்ளே ரெக்கார்டு ஓடிச்சா?”

“இதுல விரலால அழுத்த வேண்டாம். டாக்டர்தான் வாசிக்கச் சொன்னார், விரல் மடங்கறதுக்கு” என்றாள் அக்கா.

தாதாவின் சிரிப்பு நின்றது. “விரல் மடங்கறதுக்கா? இதுல எந்த விரல் மடங்குது?”

தாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. சாம்பிராணிப் புகை. அக்கா தன் கையைப் பார்த்தாள். கட்டையைக் கீழே வைத்த பிறகும் கட்டையைப் பிடித்த மாதிரியே நேராக நின்ற நான்கு விரல்களை. மூன்று கடைக்காரர்கள், ஒரு மாஸ்டர்மஷாய், ஒரு டாக்டர், ஒரு ஸ்டோர்ஸ் அதிகாரி, இவர்களில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

மறுநாளிலிருந்து மத்தியானங்களில் அக்கா மூன்றாம் மாடிக்குப் போனாள், துணைக்கு நானும். தாதாவின் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருப்பார். தாதா ஸ்பானிஷ் கிட்டாரைக் கொடுத்து, கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரே ஒரு கம்பியில் ஒரே ஒரு இடத்தை அழுத்தச் சொல்வார். அக்கா தாவணி முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுத்துவாள். கண்ணீர் கிட்டார் மேல் சொட்டும். “போதும்டி” என்பார் தாதா. அவள் நிறுத்தமாட்டாள். தாதாவின் அம்மா பட்டாணியை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

ஒரு நாள் ஆள்காட்டி விரலின் நடுக்கணு அசைந்தது. கொஞ்சம்தான், யாரோ தயக்கத்தோடு தலையாட்டுவது மாதிரி. நான் பார்த்தேன். அக்கா படிகளில் ஓடி இறங்கி அம்மாவிடம் காட்டினாள். அம்மா அந்த விரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள், “எப்படிட்டி?”

அக்கா சொன்னாள்.

“மூணாம் மாடியிலயா? அந்தத் தாடிக்காரப் பையன்கிட்டயா? ஊரு என்ன பேசும்? வயசுக்கு வந்த பிள்ளைன்னு நெனப்பு வேண்டாமா?” விரலை அம்மா இன்னும் விடவில்லை, பிடித்துக்கொண்டே திட்டினாள். “இனி அந்தப் படி ஏறினே, பாத்துக்கோ.”

மாலையில் அப்பா வந்ததும் அக்கா நேராகவே கேட்டாள். “அப்பா, அந்த மாதிரி கிட்டார் வாங்கித் தாங்க. இதைக் கொடுத்துட்டு மாத்திக்கிட்டாலும் சரி. இதுல விரலே மடங்காதுப்பா. அதுலதான் மடங்குது, பாருங்க.”

அப்பா பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் புரிந்ததை ஏற்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

“டாக்டர் எழுதினது கிட்டார். இதுவும் கிட்டார்தான். நாமளா மாத்தி, கைக்கு ஏதாவது ஆயிட்டுன்னா யாரு பொறுப்பு? எழுதிக் கேப்போம்.”

“எழுதுங்கப்பா. அதுவரைக்கும் நான்…”

“அதுவரைக்கும் இருக்கது இருக்கட்டும்.”

விளக்கம் கேட்டு எழுதினால் விளக்கம் வரும்வரை உள்ள நிலை தொடரும். இதுவும் விதிதான். நானே எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். கோப்புகளுக்கு மூட்டு கிடையாது.

அப்பா அழகான ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். தன் பிரிவு அதிகாரி வழியாக, மருத்துவமனை வழியாக, தலைமையகம் வழியாக, மாற்றலாகிப்போன சர்ஜனுக்கு. நேராக ஒரு தபால் கார்டு போட்டிருந்தால் அந்த வாரமே போயிருக்கும். ஒரு மேலதிகாரிக்கு நேராக எழுதுவது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம். நினைவூட்டல்களும் அதே வழியில் போயின. ஒவ்வொன்றையும் அனுப்பிய பிறகு அக்காவிடம் வந்து, “அனுப்பியாச்சும்மா” என்பார், மருந்து வாங்கிவந்தவர் மாதிரி.

மூன்றாம் மாடி தாதா ஒருநாள் தன் கிட்டாரையே எடுத்துக்கொண்டு கீழே வந்தார். “காக்கு, இது இங்கேயே இருக்கட்டும். நான் வரமாட்டேன். அவ வாசிக்கட்டும்” என்றார். அப்பா அவரை உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, அவருடைய படிப்பைப் பற்றி விசாரித்துவிட்டு, கிட்டாரைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார். பதில் வராமல் எப்படி ஏற்க முடியும்?

காளி பூஜை முடிந்ததும் குளிர் வந்தது. மாலையில் கரி அடுப்புப் புகை தெருவில் இறங்கி நிற்கும். கடைகளில் புதுப் பேரீச்சை வெல்லத்தின் வாசனை. அக்கா ஹவாயனை எடுத்து வாசித்துக்கொண்டேதான் இருந்தாள், தினமும் ஒரு மணி நேரம். ஆள்காட்டி விரல் முதலில் தலையாட்டுவதை நிறுத்தியது. மார்கழியில் ஒரு நாள் மருத்துவமனையில், அந்த டாக்டர் முதல்முறையாகக் கையைத் தொட்டுப் பார்த்தார். வளைத்தார். வளையவில்லை, இந்த முறை அக்கா கத்தவும் இல்லை. அவர் சீட்டில் ஒரு வரி எழுதி, நிரந்தரம் என்றார்.

டிராமில் திரும்பினோம். எங்கள் நிறுத்தம் வரும்போது அக்கா, “அப்பா, இனிமே நான் எதை வேணும்னாலும் வாசிக்கலாமாப்பா?” என்றாள். கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் அதன்பின் எதையும் வாசிக்கவில்லை. பிற்பாடு பெண் பார்க்க வந்தவர்கள், அவள் தட்டை வைக்கும்போது இடது கையைத்தான் பார்த்தார்கள். ஒரு வீட்டார் “பிள்ளைக்குப் பாட்டு, வாத்தியம் ஏதாவது தெரியுமா?” என்று கேட்டதும் அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். கிட்டார் பரணில் பூச்சி அரித்துப் போயிற்று. எஃகுக் கட்டை மட்டும் நெடுநாள் இருந்தது. அம்மா அதை வைத்து ஏலக்காய் நசுக்குவாள். வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது.

மேலாளரே, உங்கள் பேத்திக்கு எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். கம்பி எவ்வளவு உயரம், எத்தனை அங்குலம் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஆனால் வலிக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எதற்காக வாங்குகிறோம் என்று அவளையே கேளுங்கள், பதிலைக் கேட்டபின் மாடி ஏற விடுங்கள்.

அந்தக் குளிர்காலத்தில் சர்ஜனின் பதில் அப்பாவின் கடிதத்தின் மேலேயே, மையில், சாய்வாக எழுதப்பட்டு, போன வழியிலேயே ஒவ்வொரு மேஜையாக இறங்கி வந்தது. நான்கு வரி. “எந்த கிட்டாரா? விரலால் கம்பியை அழுத்தும் கிட்டார், வேறு எது? மற்றது வேண்டவே வேண்டாம். வலிக்கும், வலிக்கட்டும், ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். குளிருக்கு முன் முடிக்கவும்.” அப்பா நின்றபடி இரண்டு முறை படித்தார். பிறகு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, மேல் மூலையில் வழக்கம்போல் வந்து சேர்ந்த தேதியைக் குறித்தார். அன்று போகி.